பம்ப் சுற்றுகிறது என்றால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில், வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் வடிப்பவர்களைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கட்டுரை சுவையாகத்தான் இருந்தது. என் தூக்கத்தைக் கெடுத்தது அதோடு வந்த படம். ஒரு எவர்சில்வர் பானை, அதன் விளிம்பில் தொங்கும் ஹீட்டர் கம்பி, பக்கத்தில் கைக்கடக்கமாக ஒரு பம்ப், இரண்டு குழாய்கள், எல்லாவற்றுக்கும் கீழே ஈரத் தரையில் ஒரு எக்ஸ்டென்ஷன் கோட். படத்துக்கு அடியில் "தேவை இவ்வளவுதான்" என்று ஒரு வரி. இவ்வளவு போதாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் நுவரெலியாப் பக்கம், நானுஓயாவுக்கு மேலே குடியிருப்பவன். தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் ஆட்கள் பேச்சில் சொன்னால் ஸ்டோரில், 31 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பியர் வடித்துப் பழக்கமில்லை. குடிப்பதையும் டொக்டர் நிறுத்திவிட்டார். ஆனால் ஒன்றைச் சூடாக்குவது, அந்தச் சூட்டை ஓட விடுவது, ஓட்டம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற மூன்றும் எனக்குத் தெரியும். கொழுந்து காய்ந்து தூளாவதே அந்த மூன்றை நம்பித்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரை அதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பியர் வடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அந்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். விற்காமல் தன் வீட்டுக்கு வடித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடித்தால் குற்றம். அது கசிப்பா (கள்ளச்சாராயமா) பியரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே யாரும் இங்கே அதைச் செய்யப் போகவேண்டாம். (இத்தனைக்கும் இலங்கையில் பியர் என்ற சங்கதிக்கே எங்கள் ஊர்ப் பக்கம்தான் தாய்வீடு. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கே பியர் வடித்துப் பார்த்தவர். 1881இல் தொடங்கிய சிலோன் புரூவரி என்ற பியர் ஆலை, லவர்ஸ் லீப் அருவித் தண்ணீரை நம்பி அதன் அடிவாரத்தில்தான் இருந்தது. பிறகு அதுவும் பியகமவுக்குப் போய்விட்டது.)

அப்படியானால் எனக்கு என்ன கவலை? அந்தப் படத்தைப் பார்த்துப் பியர் வடிப்பவன் இங்கே இருக்கமாட்டான். சுடுதண்ணி வைப்பவன் இருப்பான். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும் ஊர் இது. பீலித் தண்ணீரில் முகம் கழுவினால் பல்லு கிட்டும். பஜாரில் ஒரு ஹீட்டர் கொயில், மீன் தொட்டிக்கு வைக்கிற ஒரு குட்டி பம்ப், நாலு முழம் குழாய். கைவேலை தெரிந்த ஒரு பெடியன் லயத்து இஸ்தோப்பிலேயே (வரிசை வீட்டுத் திண்ணையிலேயே) அந்தப் படத்தை உருவாக்கிவிடுவான். உங்கள் பத்திரிகையைக் கத்தரித்து வைத்துக்கொண்டே உருவாக்குவான்.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்றால், என் தம்பி மகன் லண்டனில் குரொய்டன் பக்கம் இருக்கிறான். அவனுக்கு இதுதான் பொழுதுபோக்கு. போன வருடம் வட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பி, "பெரியப்பா, வயரிங்கை மட்டும் ஒருக்கா பாருங்க" என்றான். நான் வயரிங்கை மட்டும் பார்க்கவில்லை.

அவன் செய்ய நினைத்தது இது. முளைக்கவைத்துக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து வெந்நீரில் ஊறவைக்கவேண்டும். மால்ட்டில் இருக்கிற நொதியங்கள் மாவை இனிப்பாக மாற்றும். அதற்குச் சூடு ஏறத்தாழ 62 பாகைக்கும் 68 பாகைக்கும் இடையில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும். ஐந்தாறு பாகை கூடினால் நொதியங்களில் ஒரு வகை சீக்கிரமே செத்துப்போகும், குறைந்தால் வேலை மந்தமாகும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டோரில் நாங்கள் இலைக்கு டிரையரில் சூடு கொடுப்பதே நொதியத்தைக் கொல்லத்தான். கொல்லாவிட்டால் தேயிலை நிறமும் மணமும் நில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். இவன் அதே நொதியத்தை உயிரோடு வைத்து வேலை வாங்கப் பார்க்கிறான். அதனால் பானையின் அடியிலிருந்து சாற்றை பம்பால் இழுத்து, ஒரு ஹீட்டர் வழியாக விட்டு, திரும்பவும் மேலே ஊற்றுகிறான். சூடும் ஒரே அளவாக நிற்கும், சாறும் மால்ட் படுக்கையிலேயே வடிந்து தெளியும். நல்ல யோசனை. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அவன் போட்டிருந்த ஹீட்டர், ஒரு முழ நீளக் குழாய்க்குள் 2 கிலோவாட் கம்பி. சாறு நேரடியாக அந்தக் கம்பியை உரசிக்கொண்டு போகும். அந்தக் குழாய்க்குள் எவ்வளவு சாறு நிற்கும் என்று கேட்டேன். அரை லீட்டர் என்றான். அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். 2 கிலோவாட் சூடு அரை லீட்டர் தண்ணீரில் இறங்கினால் விநாடிக்கு ஒரு பாகை ஏறும். 67 பாகையில் நிற்கும் சாறு ஓட்டம் நின்றால், லண்டனில் 35 விநாடியில் கொதிக்கும். நுவரெலியாவில் என்றால் 28 விநாடி. இரண்டு பக்கமும் வால்வு மூடிக் கிடந்தால் அதற்குப் பிறகு அது ஹீட்டர் இல்லை, வெடி. தண்ணீர் நீராவியானால் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இரும்புக் குழாய் அந்த இடத்தை எங்கிருந்து கொடுக்கும்? வால்வு திறந்து இருந்தாலும் சாற்றின் சீனி கம்பியில் கருகி ஒட்டும், கம்பி சிவக்கும், பிளக்கும்.

"அதெல்லாம் யோசிச்சிட்டேன் பெரியப்பா. பம்புக்குக் கரண்ட் போகாட்டி ஹீட்டருக்கும் போகாது. ரெண்டையும் ஒரே சுவிட்ச்ல கட்டியிருக்கேன்" என்றான்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள், உங்கள் படத்துக்காரரும் சேர்த்து. மோட்டார் சுற்றுவது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு. மால்ட் உமி படுக்கை இறுகி அடைத்துக்கொண்டால் பம்ப் பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும், குழாயில் ஒன்றும் வராது. காற்றுக் குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டாலும் அப்படியே. இவன் வாங்கிய பம்ப் காந்தத்தால் சுழற்றுகிற வகை. மோட்டார் தண்டுக்கும் உள்ளே இருக்கும் விசிறிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உமி சிக்கி விசிறி நின்றாலும் மோட்டார் ஒன்றும் தெரியாததுபோலச் சுற்றும். வெளியிலிருந்து கேட்பவனுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்.

ஸ்டோரில் எங்கள் டிரையருக்கு விறகு அடுப்பு. அடுப்பு காற்றைச் சுடவைக்கும், விசிறி அந்தக் காற்றை இலைக்குத் தள்ளும். கரண்ட் போனால் விசிறி நிற்கும். விறகு நிற்குமா? அது எரிந்துகொண்டேதான் இருக்கும். காற்று ஓடாத அடுப்புக் குழாய்கள் சில நிமிடத்தில் செஞ்சிவப்பாகிவிடும். அதனால் விளக்கு அணைந்த மாத்திரத்தில் அடுப்பில் நிற்பவர் கதவைத் திறந்து கொள்ளியை வெளியே இழுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கரண்ட் போகவில்லை, விசிறியின் பெல்ட் மட்டும் அறுந்துபோனது. மோட்டார் சுற்றியது, சத்தமும் வந்தது, விளக்கும் எரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசம் வந்து டீ மேக்கர் (தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) ஓடிவந்தபோது ஒரு தட்டு இலை கருகி, அடுப்புக் குழாய் ஒன்று வளைந்துபோயிருந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஏச்சில் படித்த பாடம்தான் குரொய்டனுக்குப் போனது: மோட்டாரைக் கேட்காதே, ஓட்டத்தைக் கேள்.

ஓட்டத்தைக் கேட்பதற்கு ஃபுளோ சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. பெரிய விலை இல்லை. தண்ணீர் தள்ளினால் உள்ளே ஒரு துடுப்போ காந்தத் துண்டோ நகர்ந்து சுவிட்ச் மூடும், கரண்ட் போகும்; தள்ளாவிட்டால் திறக்கும், கரண்ட் நிற்கும். இதிலும் ஒரு வினை உண்டு. உமி சிக்கினால் அந்தத் துடுப்பு மூடிய நிலையிலேயே நின்றுவிடும். காவல்காரன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது மாதிரி. ஆகவே ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன் குழாயை மடித்துப் பிடித்து, ஹீட்டர் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்க்கச் சோம்பல்படுகிறவன் இந்த ஹீட்டரைத் தொடவே கூடாது.

அதைவிட நல்லது, ஹீட்டர் கம்பி சாற்றைத் தொடாத ஏற்பாடு. வேறொரு பானையில் 20 லீட்டர் வெறும் தண்ணீர், அதற்குள் ஹீட்டர். அதே தண்ணீருக்குள் சுருளாக ஒரு செப்புக் குழாய் அல்லது எவர்சில்வர் குழாய். சாறு அந்தச் சுருளுக்குள்ளே போய்ச் சூடு வாங்கிக்கொண்டு வரும். ஓட்டம் நின்றால் என்ன? சாறு சுற்றியிருக்கும் தண்ணீரின் சூட்டுக்கு மேல் போக வழியே இல்லை. அதே 2 கிலோவாட் இந்த 20 லீட்டரை ஒரு பாகை ஏற்ற 42 விநாடி எடுக்கும். 28 விநாடியில் நடந்த காரியத்துக்கு இங்கே கிட்டத்தட்ட 19 நிமிடம். பானையின் மூடியும் இறுக்கமில்லாதது, நீராவி தன் பாட்டுக்குப் போகும். 28 விநாடியில் மனிதன் ஒன்றும் செய்ய முடியாது. 19 நிமிடத்தில் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பவன்கூட வந்து அணைத்துவிடுவான். தம்பி மகனுக்கு நான் சொன்ன முதல் திருத்தம் இதுதான்: குழாயை எடு, சுருளைப் போடு. "சூடு ஏற நேரமாகுமே" என்றான். 15 பாகைத் தண்ணீர் 20 லீட்டரை 67க்குக் கொண்டுவர 2 கிலோவாட்டுக்கு 36 நிமிடம்தான். அந்த நேரத்தில் ஒரு பிளேன்டீ குடித்தால் போச்சு.

நேரடிக் குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று. வெப்பம் பார்க்கிற சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நிமிடத்துக்கு 6 லீட்டர் ஓடினால் 2 கிலோவாட் அதை 5 பாகைதான் ஏற்றும். படுக்கை இறுகி 2 லீட்டராகக் குறைந்தால் 14 பாகை ஏற்றும். 67இல் உள்ளே போனது 81இல் வெளியே வரும். பானையில் மட்டும் சென்சார் வைத்தவன் அங்கே 66 என்று பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பான், குழாய்க்குள் நொதியம் செத்துக்கொண்டிருக்கும். சென்சார் ஹீட்டரின் வாசலில், சாறு வெளியே வரும் இடத்தில் இருக்கவேண்டும். அது கழன்று விழாதபடி இறுக்கியும் இருக்கவேண்டும். கழன்று தரையில் கிடக்கும் சென்சார் லண்டன் குளிரைத்தான் அளக்கும். கருவி "இன்னும் சூடு போதாது" என்று முழு மூச்சில் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். தம்பி மகனுடையது ஃபோனிலிருந்து சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கெட்டிக்காரக் கருவி. கூட்டட்டும், குறைக்கட்டும். ஆனால் சமையல்காரனையே காவல்காரனாகவும் வைக்கக்கூடாது. அது ஹீட்டரை இயக்குவது சொலிட் ஸ்டேட் ரிலே என்ற ஒரு சின்னப் பெட்டியால். சத்தம் இல்லை, தேய்மானம் இல்லை, எல்லாம் சரி. ஆனால் அது கெட்டுப்போனால் பெரும்பாலும் திறந்த கதவாகத்தான் கெட்டுப்போகும், மூடிய கதவாக அல்ல. அதாவது கரண்டை நிறுத்தாது, விட்டுக்கொண்டே இருக்கும். கருவி "நிறுத்து" என்று கத்தினாலும் கேட்காது. ஒவ்வொரு அம்பியருக்கும் ஏறத்தாழ ஒரு வாட் சூடு அதிலேயே பிறக்கிறது; 2 கிலோவாட்டுக்கு 8.7 அம்பியர். அலுமினியத் தகடு இல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து வைத்தால் அது கெடும் நாளை நாமே குறித்த மாதிரி.

அதனால் அதற்கு முன்னால் பழைய பாணிக் கொன்டாக்டர் ஒன்று இருக்கவேண்டும். ஸ்டோரில் ஒவ்வொரு மோட்டாருக்கும் நாங்கள் போடுவதுதான்: பச்சை பட்டனை அமுக்கினால் டக்கென்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சிவப்பை அமுக்கினால் விடும், கரண்ட் போனாலும் விடும். அந்தக் கொன்டாக்டரின் சுருளுக்குப் போகிற வயரில் சிவப்பு பட்டன், ஃபுளோ சுவிட்ச், தண்ணீர் மட்டம் பார்க்கும் மிதவை சுவிட்ச், சூடு மீறினால் திறக்கும் கட்-அவுட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கவேண்டும். கைகோர்த்து நிற்கும் பிள்ளைகள் மாதிரி. ஒருவன் கையை விட்டாலும் ஆட்டம் முடிந்தது. திரும்பத் தொடங்க மனிதன் வந்து பச்சையை அமுக்கவேண்டும்.

இதைக் கட்டி ஒரு கிழமையில் தம்பி மகன் குறை சொன்னான். "ஒரு குமிழ் வந்தாலும் நிக்குது பெரியப்பா. ஒவ்வொரு தடவையும் போய் அமுக்க வேண்டியிருக்கு."

"அமுக்கு" என்றேன்.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகத் தொடங்கக்கூடாது என்பது அவனுக்குப் புரியவே இல்லை. அவன் ஊரில் கரண்ட் போவதில்லை. நமக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே. அந்தக் காலத்தில் ஒரு நாள் என் வீட்டிலேயே நடந்தது: பிளாஸ்டிக் வாளியில் கொயிலைப் போட்டு சுவிட்சைத் தட்டிய நேரம் கரண்ட் போனது. மனைவி அரைகுறைச் சூட்டுத் தண்ணீரை எடுத்துப் பேரப்பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டாள். கொயில் வெறும் வாளியில் கிடந்தது. சுவிட்ச் போட்டபடியே. நானும் பார்க்கவில்லை. கரண்ட் வந்தது இரவு, நாங்கள் கோயில் பக்கம் போயிருந்தோம். திரும்பி வந்தபோது வாளி இருந்த இடத்தில் தரையோடு ஒட்டிய நீலக் களி. சீமெந்துத் தரை என்பதால் வீடு தப்பியது. பலகைத் தரையாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. 31 வருட எலக்ட்ரீஷியன் வீட்டுக் கதை இது. வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது கட்-அவுட் பற்றி. இது மலைநாட்டு ஆட்களுக்கென்றே உள்ள சங்கதி. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94இலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 வரும். 98 பாகையில் திறக்கும் கட்-அவுட் கடையில் வாங்கி மாட்டினால் கொழும்பில் அது வேலை செய்யும். இங்கே பானையில் தண்ணீர் இருக்கும்வரை அது திறக்கவே திறக்காது, ஏனென்றால் தண்ணீர் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. கொதித்துக் கொதித்து வற்றி, கம்பி வெறுமையாகிச் சிவந்த பிறகுதான் அதற்கு உணர்வு வரும். சுடுதண்ணிக்கு வைப்பதானால் 80இலோ 85இலோ திறப்பதை வாங்குங்கள். தானாகத் திரும்ப மூடிக்கொள்வதை வாங்காதீர்கள். கையால் பட்டனை அமுக்கி மூடுவதைக் கேட்டு வாங்குங்கள்.

எர்த் பற்றி எழுதாமல் இதை முடித்தால் என் பழைய சகாக்கள் மன்னிக்கமாட்டார்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே பாறை. நாலடி எர்த் கம்பியை அடிக்க முடியாமல் இரண்டடியில் வெட்டிவிட்டுப் போன வேலையை நான் ஒன்றல்ல, பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட எர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் உள்கம்பி பானையைத் தொட்டுவிட்டால் எர்த் வழியே ஓடுவது 230ஐ 100ஆல் வகுத்தால் வருகிற 2.3 அம்பியர். 13 அம்பியர் பியூஸ் அதைச் சட்டை செய்யாது. பியூஸ் போகாது, பிரேக்கரும் விழாது, பானை முழு 230 வோல்ட்டோடு அடுப்படியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். இதைப் பார்க்கத் தெரிந்தது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். 2.3 அம்பியர் என்பது 2300 மில்லி அம்பியர், கண்ணிமைக்குமுன் விழுந்துவிடும்.

அப்படியானால் எர்த் எதற்கு, ட்ரிப் சுவிட்ச் போதுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எர்த் இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் எப்போது உண்டாகும்? யாராவது பானையைத் தொட்டு, கரண்ட் அவர் உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்கும்போது. எர்த் இருந்தால் பழுதான அந்த விநாடியே விழும். எர்த் இல்லாவிட்டால் மனிதன் எர்த் ஆகிறான். பானையின் உடம்பிலேயே ஒரு போல்ட் துளைத்து, பச்சை மஞ்சள் வயரை இறுக்கவேண்டும். ஹீட்டரின் பிளக்கில் மூன்று பின் இருப்பது மட்டும் போதாது. பஜாரில் வருகிற பல கொயில்களில் மூன்றாவது பின் வெறும் அலங்காரம், உள்ளே வயரே இருக்காது. இன்னொன்று, ட்ரிப் சுவிட்சும் எல்லாம் வல்லது அல்ல. ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்தால் அதற்குத் தெரியாது. நடுவில் இருப்பது ஹீட்டரா மனிதனா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஏப்ரல் மாத இடிக்கு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி நேராக வயரைக் கட்டிவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்கு மெல்லிய வயரில் கரண்ட் இழுப்பதும் இருக்கிறது. இந்த இரண்டும் உள்ள வீட்டில் 2 கிலோவாட் ஹீட்டர் என்ற பேச்சே வேண்டாம். வீட்டுக்குள் ஹீட்டருக்குத் தனியாக 7/0.67 வயரில் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) ஒரு லைன், அதன் முனையில் சதுரப் பின் 13 அம்பியர் சொக்கட், இடையில் எக்ஸ்டென்ஷன் கோட் எதுவும் இல்லை. இதற்குக் குறைந்து நான் யாருக்கும் வேலை செய்து கொடுத்ததில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயம். சுவிட்ச் பெட்டி பம்பைவிட உயரத்தில், பக்கவாட்டில் இருக்கட்டும். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டுத் திரும்ப ஏறட்டும், ஒழுகும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் 70 பாகையில் இடியப்பம் மாதிரி துவண்டுவிடும். சிலிக்கன் குழாய் வாங்கவேண்டும், கிளிப் போட்டு இறுக்கவேண்டும். குடிக்கிற பொருள் ஓடுகிற பாதையில் ஈயப் பற்று வேண்டாம், துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம். தொடங்கும்போது முதலில் பம்ப், பிறகு ஹீட்டர். நிறுத்தும்போது முதலில் ஹீட்டர், பிறகு பம்ப். கையை உள்ளே விடுமுன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றவேண்டும். அந்தச் சொலிட் ஸ்டேட் பெட்டி அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும்.

ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தைப் பற்றி ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழை வந்தால் அடுத்த வாரம் திருத்துகிறீர்கள்; ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் கோட் எழுத்துப்பிழையைவிடப் பெரிது. இந்தக் கடிதம் நீளம் என்று வெட்டுவதானால் பியரையும் சாமுவேல் பேக்கரையும் வெட்டுங்கள். எர்த்தையும் 94 பாகையையும் வெட்டவேண்டாம்.

தம்பி மகன் இப்போது சுருளுக்கு மாறிவிட்டான், ஃபுளோ சுவிட்சையும் கழற்றவில்லை. போன சனிக்கிழமை ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பச்சை பட்டனை அமுக்கினான், ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு துவாயைச் சுற்றிக் குழாயை மடித்துப் பிடித்தான். இரண்டு விநாடி. டக்கென்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது. பம்ப் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல உறுமிக்கொண்டே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்,
நானுஓயா.